'டங்' கேட்கும் இடம் வேறு, பிறக்கும் இடம் வேறு

கேள்வி: அண்ணா, எட்டு மாதத்துக்கு முன்னால் 1971ஆம் வருடத்து எம்ஜிபி ஜிடி கார் ஒன்று வாங்கினேன். கம்பிச் சக்கரம், ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள வண்டி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி வைத்தால் பின்னால் 'டங்' என்று அடிக்கிறது. ரிவர்ஸ் போட்டாலும் அதே அடி. முதல் கியரில் பலமாக, நான்காவதில் லேசாக. 50 மைல் வேகத்தில் 'ஊய்ங்' என்று ஒரு கூவல் வேறு. ஓவர்டிரைவ் காலையில் சுவிட்சைப் போட்டதும் ஒழுங்காக விழுகிறது. அரை மணி ஓடிய பிறகு தாமதமாக விழுகிறது, சில நாள் விழுவதே இல்லை. பக்கத்து கராஜில் காட்டினேன். "சின்ன கியரில்தானே அடி அதிகம், அப்படியானால் கியர்பாக்ஸ்தான் போயிருக்கிறது. பின் ஆக்சிலும் கூவுகிறது. இரண்டையும் மாற்றிவிடலாம்" என்கிறார்கள். போன சர்வீஸ் பில்லில் கியர்பாக்ஸுக்கும் ஆக்சிலுக்கும் ஈபி90 என்ற கியர் ஆயில் ஊற்றியதாக இருக்கிறது. கியர் எதுவும் கழன்று விழுவதில்லை, மாற்றும்போது கரகரப்பும் இல்லை. செலவு என் சக்திக்கு மீறியது. என்ன செய்யட்டும்?
ரெடிங், இங்கிலாந்து (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, கியர்பாக்ஸுக்கு இன்னும் பணம் கட்டவில்லையே? கட்ட வேண்டாம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கியர்பாக்ஸ் கெட்டதற்கான அடையாளம் அதில் ஒன்றுகூட இல்லை. கெடவில்லை என்பதற்குத்தான் இரண்டு மூன்று இருக்கின்றன. ஆனால் அந்தக் கியர்பாக்ஸுக்கு நிஜமாகவே ஒரு கெடுதல் நடந்திருக்கிறது. அது பில்லில் இருக்கிறது, கடைசியில் வருகிறேன்.

நீங்கள் சொன்னது மூன்று தொல்லை. கராஜ்காரர் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார். பழைய வண்டிக்காரர்கள் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அடி ஒன்று, கூவல் ஒன்று, ஓவர்டிரைவ் ஒன்று. தனித்தனியாகத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் அந்த அடி. சின்ன கியரில் அதிகம், அதனால் கியர்பாக்ஸ் என்பது காதுக்கு நியாயமாகப் படும். கணக்கு போட்டால் நிற்காது. உங்கள் வண்டியின் பின் ஆக்சில் விகிதம் 3.909. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் நீளத் தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்ற வேண்டும். முதல் கியரின் விகிதம் 3.44. இரண்டையும் பெருக்கினால் 13-க்குச் சற்று மேல். இப்போது பின்னால் எங்கோ, சக்கரத்துக்குப் பக்கத்தில், 2 டிகிரி லூஸ் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கே தெரியாத அளவு. நான்காவது கியரில் அந்த லூஸைத் தாண்ட என்ஜின் 8 டிகிரி சும்மா சுழன்றால் போதும். முதல் கியரில் 27 டிகிரி சும்மா சுழல வேண்டும். அவ்வளவு தூரம் தடையில்லாமல் ஓடி வேகம் பிடித்து, அப்புறம் போய் மோதுகிறது. அடி பலமாகத்தான் விழும். கியர்பாக்ஸில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் முதல் கியரில்தான் அதிகம் கேட்கும். கராஜ்காரர் எதைச் சாட்சியாகக் காட்டினாரோ, அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள எல்லாவற்றுக்கும் பொருந்துகிற சாட்சி.

அவர்மேல் கோபப்படவும் வேண்டாம். நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். கோயம்புத்தூரில் லாரி பட்டறையில் தொழில் படித்துவிட்டு இங்கே வந்த புதிது. ஒரு வாடிக்கையாளரின் எம்ஜிபி, இதே அடி. என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்த்து வெளியே எடுத்தேன் (இந்த வண்டியில் கியர்பாக்ஸை மட்டும் கீழ்வழியாக இறக்க முடியாது, குறுக்கே பாடியின் சட்டம் வரும்). வேறு கியர்பாக்ஸ் போட்டு, முழுதாகப் பூட்டி, ரோட்டில் விட்டேன். தெருமுனையில் திரும்பும்போது 'டங்'. குறை பின்சக்கரத்தில் இருந்தது. ஒரு வார உழைப்புக்கு அவரிடம் காசு வாங்க மனம் வரவில்லை. லாரி பட்டறையில் என் உஸ்தாத் கையால் ஆட்டிப் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்க விடமாட்டார். கடல் தாண்டியதும் அதை மறந்துவிட்டேன்.

எம்ஜிபி ஜிடியின் உடம்பு ஒரு பீப்பாய் மாதிரி. பின்னால் அடிக்கிற அடி தரைத் தகட்டில் ஏறி, டனல் (கியர்பாக்ஸை மூடியிருக்கும் நடு மேடு) வழியாக முன்னே வந்து, உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் கேட்கும். கீழே படுத்துக் கையால் தொட்டுப் பார்த்தால்தான் இடம் தெரியும்.

தேடலைப் பின்சக்கரத்திலிருந்து தொடங்கி முன்னே வாருங்கள். காரணம் எளிது. பின்னால் இருப்பவை விலை குறைவு, வேலை குறைவு, சீக்கிரம் தேய்பவையும் அவைதான்.

கம்பிச் சக்கரம் நாலு போல்ட்டில் நிற்பதில்லை. ஹப்பில், அதாவது ஆக்சில் நுனியில் சக்கரம் மாட்டுகிற பாகத்தில், நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும், சக்கரத்தின் உள்ளேயும் அதே பல். ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, நடுவில் ஒரே பெரிய நட்டு. என்ஜினின் மொத்த இழுப்பும் பிரேக்கின் மொத்த பிடிப்பும் அந்தப் பற்களில்தான் விழுகின்றன. கிரீஸ் இல்லாமல் ஓடினாலோ, நட்டை நன்றாக இறுக்காமல் விட்டாலோ பல் கூர்ந்து கத்தி முனை மாதிரி ஆகிவிடும். சோதனை இதுதான்: முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பின்பக்கம் ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் குழாயின் கீழ் இரண்டு ஸ்டாண்ட் வையுங்கள். ஜாக்கியை நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே நீட்ட வேண்டாம். வீட்டில் யாரையாவது உள்ளே உட்காரவைத்து கால் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் டயரை இரண்டு பக்கமும் பிடித்து, வண்டி ஓடுகிற திசையில் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கம்பிகளுக்கு இடையே பிரேக் டிரம் தெரியும். சக்கரமும் டிரம்மும் சேர்ந்து ஒரு நூல் நகர்ந்தால் அது பிரேக் ஷூ தன் இடத்தில் அசைவது, விட்டுவிடலாம். டிரம் அப்படியே நிற்க, சக்கரம் மட்டும் 'கிளிக்' என்று நகர்ந்தால் பல் தேய்ந்துவிட்டது. அப்புறம் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். பற்களில் துருச் சிவப்பில் மாவு மாதிரி தூள் படிந்திருந்தால் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

தேய்ந்திருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதில் ஏமாறுகிறார்கள். ஹப்பை மட்டும் புதிதாகப் போட்டு பழைய சக்கரத்தை மாட்டாதீர்கள், மாற்றியும் செய்யாதீர்கள். தேய்ந்த பல் புதுப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். மாற்றினால் ஜோடியாகத்தான். இந்த நட்டுகளில் வண்டியின் இடப்பக்கம் சாதாரண மரை, வலப்பக்கம் எதிர்மரை. ஓட ஓட இறுகிக்கொள்ளும்படி அப்படி வைத்தார்கள். ஹப்பைப் பக்கம் மாற்றிப் பூட்டினால் ஓட ஓடக் கழலும். கேலி செய்யவில்லை, அப்படிப் பூட்டப்பட்ட வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

அங்கேயே இருக்கும்போது இன்னொரு காரியம். உங்களுடையது குழாய் வடிவ ஆக்சில். ஜிடியில் 1965இல் தொடங்கி கடைசிவரை இதுதான். இதில் ஹப்பை ஆக்சில் ஷாஃப்ட்டின் நுனியில் ஒரு பெரிய நட்டு பிடித்திருக்கும், அதற்கு ஒரு ஸ்ப்ளிட் பின். முறுக்கு 150 பவுண்டு-அடி. சின்ன ஸ்பேனரால் கை பலத்தில் இறுக்கிவிட்டு, ஸ்ப்ளிட் பின்னுக்கான ஓட்டை நேராக வந்தது போதும் என்று விட்டவர்கள் உண்டு. அந்த நட்டு தளர்ந்திருந்தாலும் அதே 'டங்' வரும். டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிட வேலை.

சக்கரம் நன்றாக இருந்தால் கீழே படுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர் நியூட்ரலில். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் திருகுங்கள். பின் முனையில், ஆக்சிலில் சேர்கிற தட்டில், சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடிகார முகம் மாதிரி நினைத்தால் கணக்கு சுலபம். கோடு 12-இலிருந்து 12-க்கும் 1-க்கும் நடுவில் போய் நின்றால், ஐம்பது வருஷ வண்டிக்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். 1-ஐத் தாண்டிப் போனால் உள்ளே வாஷர் போயிருக்கிறது. இது என் கைக்கணக்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்குப் பொய்த்ததும் இல்லை.

அந்தத் திருகலில், ஷாஃப்ட்டோடு சுழலும் பினியன் பல்லுக்கும் அது சுழற்றும் பெரிய க்ரவுன் பல்லுக்கும் நடுவே உள்ள இடைவெளியின் பங்கு மிகச் சிறியது. இரண்டு தாள் தடிமன் இருக்கும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம், இழுப்பை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் வயிற்றுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களின் லூஸ். ஆக்சில் ஷாஃப்ட்டுகள் நுழைகிற இரண்டு பெரிய பற்சக்கரங்களின் முதுகில் ஃபைபர் வாஷர். அவற்றோடு சேர்ந்து சுழலும் இரண்டு குட்டிப் பினியன்களின் முதுகில் செம்பு வாஷர். ஃபைபர் வாஷர் ஆயிலில் ஊறிக் காலப்போக்கில் அரைந்து காணாமல் போகும். திறந்து பார்த்தால் சில வண்டிகளில் வாஷர் இருந்த இடம் மட்டும் இருக்கும். பல் பல்லைவிட்டு விலகி உட்காரும், ஒவ்வொரு முறை இழுப்பு திசை மாறும்போதும் ஓடிப் போய் மோதும். இங்கே ஒரு டிகிரி லூஸ் ஷாஃப்ட்டில் நான்கு டிகிரியாகத் தெரியும் என்பதை மறக்க வேண்டாம். கையில் பெரிதாகத் தெரிவது உள்ளே சின்னதுதான்.

எம்ஜிபியில் வருகிற 'டங்' சத்தத்தில் பெரும்பங்கு இந்த வாஷர்தான் என்பது என் அனுபவம். இதற்கு ஆக்சிலை இறக்க வேண்டாம். இரண்டு பக்கமும் ஹப்பைக் கழற்றி ஆக்சில் ஷாஃப்ட்டை வெளியே இழுத்து, பின்மூடியைத் திறந்து, குறுக்கு ஊசியைப் பிடித்திருக்கும் சின்ன ரோல் பின்னைத் தட்டி எடுத்தால், குட்டிப் பினியன்களை உருட்டி வெளியே எடுத்துவிடலாம். அந்த ரோல் பின் லேசில் வராது. சரியான அளவு கம்பி இல்லாமல் அடித்தால் அதன் தலை விரிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். பொறுமைசாலி ஒருவர் ஒரு சனி ஞாயிறில் முடிக்கிற வேலை. வாஷர்களின் விலை ஒரு முறை டாங்க் நிரப்புகிற காசுகூட வராது. குறுக்கு ஊசியில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டினால் அதையும் மாற்றுங்கள். முன்பக்கம் பினியன் நட்டை மட்டும் தொட வேண்டாம். ஆயில் சீல் கசிகிறதே என்று அதைக் கழற்றி, திரும்ப ஒரு இழுப்பு அதிகமாக இறுக்கினால் உள்ளே நசுங்கும்படி வைத்திருக்கும் குழாய் மேலும் நசுங்கி, பேரிங்கின் அளவே மாறிவிடும். கூவாத ஆக்சிலைக் கூவவைக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள யூனிவர்சல் ஜாயின்ட், நம் ஊரில் 'கிராஸ்' என்போமே, அதையும் பார்த்துவிடுங்கள். ஒரு முனையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறு கையால் அடுத்ததைத் திருகவும் தூக்கவும் செய்யுங்கள். இங்கே கொஞ்சம் ப்ளே இருக்கலாம் என்ற பேச்சே இல்லை. இருந்தால் மாற்ற வேண்டும். கிண்ணத்தைச் சுற்றித் துருத்தூள் தெரிந்தால் கையை வைக்கவே வேண்டாம், முடிவு செய்துவிடலாம்.

கமான் பட்டையை ஆக்சிலோடு கட்டியிருக்கும் யு போல்ட் நான்கும் இறுக்கமாக இருக்கின்றனவா, பட்டையின் முன் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா, கியர்பாக்ஸின் கீழ் இருக்கும் இரண்டு மவுண்டிங் ரப்பரும் ஆயில் குடித்து ஊதிப்போயிருக்கின்றனவா என்றும் ஒரு பார்வை. அந்த ரப்பர் போயிருந்தால் கியர்பாக்ஸே எழும்பி டனலில் முட்டும். அதைக் கேட்டவர் "கியர்பாக்ஸில்தான் சத்தம்" என்று சத்தியம் செய்வார். இந்த ஆட்டமெல்லாம் வண்டி நிற்கும்போது தெரியாது. முன்பெல்லாம் ஒருவர் கிளட்சைப் பாதி விட, இன்னொருவர் தலையை உள்ளே நீட்டிப் பார்ப்பார். அந்த வீரம் வேண்டாம். உங்கள் போனை வீடியோவில் போட்டு, கீழே குறுக்குச் சட்டத்தில் பட்டியால் நன்றாகக் கட்டி, தெருவில் மெதுவாக முன்னும் பின்னும் எடுத்துப் பாருங்கள். எது குதிக்கிறது என்று படமே சொல்லிவிடும்.

இதைச் செய்பவர்கள் குறைந்துபோனதற்கு ஒரு காரணமும் உண்டு. 40 வயது தாண்டிய வண்டிகளுக்கு இங்கே எம்ஓடி என்ற வருடாந்தரச் சோதனை கட்டாயமில்லை என்று 2018இல் ஆக்கிவிட்டார்கள். பெரிய மாற்றம் செய்யாத வண்டியாக இருந்தால் போதும். நமக்கு மிச்சம்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு முறையாவது யாரோ ஒருவர் வண்டிக்குக் கீழே விளக்கு அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அவரும் இப்போது இல்லை. கட்டாயமில்லாவிட்டாலும் காசு கொடுத்து ஒரு முறை காட்டுங்கள்.

இவ்வளவும் பார்த்து எதிலும் லூஸ் இல்லை என்றால்தான் கியர்பாக்ஸைப் பற்றிப் பேச வேண்டும். அது கெட்டால் வேறு மாதிரி சொல்லும். இரண்டாவது கியருக்கு இறக்கும்போது கரகரவென்று பல் கடிக்கும், அல்லது காலை எடுத்ததும் கியர் தானாகக் கழன்று வரும். நியூட்ரலில் என்ஜின் ஓடும்போது உள்ளே கூழாங்கல் உருட்டுவதுபோல ஒரு சத்தம், கிளட்சை மிதித்தால் மறையும். அல்லது முதல் மூன்று கியரிலும் உறுமிவிட்டு நான்காவதில் அடங்கிவிடும். ஏனென்றால் நான்காவதில் இழுப்பு நேராகப் போய்விடுகிறது, கீழே இருக்கும் லே ஷாஃப்ட்டின்மேல் பாரம் விழுவதில்லை. இதில் ஒன்றும் உங்கள் கடிதத்தில் இல்லை. 1967 கடைசியிலிருந்து வந்த எம்ஜிபிகளில் நான்கு கியருக்கும் சிங்க்ரோ (பல் கடிக்காமல் கியர் மாற உதவும் வளையம்) உண்டு, உங்களுடையதும் அதில் ஒன்று. முரட்டுப் பெட்டி அது. அவ்வளவு சீக்கிரம் சாகாது.

ஒரு வேளை அது அடியாக இல்லாமல் ஒரு உலுக்கலாக இருந்தால், கீழே படுக்கும் முன் பானெட்டைத் திறந்து இரண்டு எஸ்யூ கார்புரேட்டரின் தலையிலும் இருக்கும் கறுப்பு மூடியைத் திருகி எடுத்துப் பாருங்கள். உள்ளே ஆயில் வற்றியிருந்தால் கால் வைத்ததும் என்ஜின் ஒரு கணம் திணறி, அப்புறம் குதிக்கும். பின்னால் இருக்கும் எல்லா லூஸையும் அந்தக் குதிப்பு ஊதிப் பெரிதாக்கும். என்ஜினுக்கு ஊற்றுகிற அதே ஆயிலைக் கொஞ்சம் விட்டால் போதும்.

கூவலுக்கு வருகிறேன். இது கையால் பார்க்கிற விஷயம் இல்லை, காதால் பிரிக்கிற விஷயம். ஆள் நடமாட்டமில்லாத நேராக ஓடும் சாலையில் 50 மைலில் நான்காவது கியரில் போங்கள். என்ஜின் ஏறக்குறைய 2,800 சுற்றில் இருக்கும். வேகத்தை மாற்றாமல் ஓவர்டிரைவைப் போடுங்கள், காலையில் விழுகிறதே, அப்போது. சுற்று 2,300-க்கு இறங்கும். கூவலின் சுருதியும் இறங்கினால் அது என்ஜின் அல்லது கியர்பாக்ஸ் பக்கம். சுருதி அப்படியே நின்றால் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால் எங்கோ. அடுத்து, அதே வேகத்தில் காலை லேசாக எடுங்கள். இழுக்கும்போது கூவி, காலை எடுத்ததும் நின்றால் க்ரவுன் பினியன் பல்லின் சத்தம். காலை எடுத்தாலும் வைத்தாலும் ஒரே மாதிரி, ஆனால் வளைவில் ஒரு பக்கம் மட்டும் கூடினால் சக்கர பேரிங். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு மாறும்போது குணம் மாறினால் அது டயர், வேறொன்றும் இல்லை.

பல்லின் சத்தமாகவே இருந்தாலும் பயம் வேண்டாம். ஆயில் அளவு சரியாக இருந்து, பினியனில் ஆட்டம் இல்லாமல், சத்தம் மாதத்துக்கு மாதம் கூடாமல் இருந்தால் நான் அந்த ஆக்சிலைத் திறக்கவே மாட்டேன். பழைய பல்லும் பல்லும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கின்றன. மாற்றுகிறேன் என்று கிளம்பினால் புது ஜோடி அளவெடுத்துப் பொருத்த நல்ல கை வேண்டும். அந்தக் கை கிடைக்காவிட்டால் அதிக காசுக்கு அதிகக் கூவல்தான் மிஞ்சும். என் சொந்த வண்டி பதினோரு வருஷமாகக் கூவுகிறது. ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்கிறேன். ஆனால் கூவல் ஒரு நாள் உறுமலாக மாறினால் அது பேரிங். அப்போது தள்ளிப்போட வேண்டாம். வாஷருக்காகப் பின்மூடியைத் திறக்கும்போது, ஆக்சிலின் மேல் இருக்கும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் ஹப் வழியாகப் பின் பிரேக்குக்குள் போகும்.

கடைசியாக ஓவர்டிரைவ். பில்லில் இருந்த ஈபி90 இங்கேதான் வருகிறது. ஆக்சிலுக்கு அந்த ஆயில்தான் சரி. கியர்பாக்ஸுக்கு அது ஆகாது. எம்ஜிபியின் கியர்பாக்ஸுக்கும் அதன் வாலில் ஒட்டியிருக்கும் லேகாக் ஓவர்டிரைவுக்கும் ஒரே ஆயில், அதுவும் என்ஜினுக்கு ஊற்றுகிற 20டபிள்யூ/50 ஆயில். கியர்பாக்ஸில் ஊற்றுவது கியர் ஆயில்தானே என்று நினைத்து ஊற்றியிருப்பார்கள். பெரும்பாலான வண்டிகளில் அது சரியும்கூட. ஆனால் ஓவர்டிரைவின் உள்ளே ஒரு கூம்பு வடிவக் கிளட்ச், ஆயிலில் நனைந்தபடியே பிடிக்க வேண்டும். அதை அழுத்துவதும் அதே ஆயில்தான். உள்ளே ஒரு சின்னப் பம்ப் 400 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் ஏற்றும். பல்லும் பல்லும் வழுக்கி ஓடுவதற்காகச் சேர்த்த மருந்துள்ள ஆயிலைப் பிடிமானம் வேண்டிய இடத்தில் ஊற்றினால் எப்படிப் பிடிக்கும்? சில வகை ஈபி ஆயில் சிங்க்ரோவின் பித்தளை வளையங்களையும் அரிக்கும்.

ஆனால் ஆயிலின்மேலேயே எல்லாப் பழியையும் போட்டுவிடக் கூடாது. முதலில் மின்சாரத்தைத் தள்ளிவைக்க வேண்டும். வண்டி சூடாகி, ஓவர்டிரைவ் விழ மறுக்கிற நேரத்தில் ஓரமாக நிறுத்துங்கள். என்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் போட்டு, நான்காவது கியரில் வைத்து, ஓவர்டிரைவ் சுவிட்சைப் போட்டுப் போட்டு எடுங்கள். கீழே 'டிக்' என்று சோலனாய்டு (ஓவர்டிரைவை இயக்கும் மின்காந்தம்) தட்டுவது கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் மூன்றாவதிலும் பாருங்கள், கியர் லிவரைக் கையால் ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தும் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் தட்டினால் கியர்பாக்ஸின் மேல் இருக்கும் சின்ன சுவிட்சில் கோளாறு. மூன்றிலும் நான்கிலும் மட்டும் மின்சாரத்தை விடுவதற்காக வைத்தது அது. அந்தச் சுவிட்சின் கீழ் உள்ள வாஷரைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யலாம். எப்படி அழுத்தினாலும் தட்டவில்லை என்றால் வயர் வழியைத் தேட வேண்டும், அல்லது சூட்டில் சோலனாய்டே படுத்துவிடுகிறது. உங்கள் வண்டியில் இருக்கும் எல்எச் வகைக்குச் சோலனாய்டு ஒரு ஆம்பியர் அளவில்தான் இழுக்கும். மீட்டர் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சூட்டிலும் ஒழுங்காகத் தட்டுகிறது, ஆனால் விழவில்லை என்றால் அது ஆயில் அழுத்தம். சூடேறி ஆயில் நீர்த்ததும், கிழிந்த ஓ-ரிங் வழியாகவோ தேய்ந்த பம்ப்பிலோ அழுத்தம் ஒழுகிவிடுகிறது. ஆயில் அளவு குறைந்தாலும் இதேதான். சூடான ஆயிலை வடித்து, ஓவர்டிரைவின் அடித்தட்டைக் கழற்றி, அதற்குள் இருக்கும் வலையையும் காந்தத்தையும் கழுவி, புது கேஸ்கட் வைத்துப் பூட்டி, சாதாரண மினரல் 20டபிள்யூ/50 ஊற்றுங்கள். 3.4 லிட்டர் பிடிக்கும். 'வழுவழுப்பு கூட்டும்' என்று விளம்பரம் செய்கிற எந்த மருந்தும் சேர்க்க வேண்டாம். 300 மைல் ஓட்டி, மறுபடி ஒரு தடவை வடித்து ஊற்றுங்கள், மூலைகளில் தங்கிய பழைய ஆயிலும் போகட்டும். எனக்கு வந்த வண்டிகளில் சில இதிலேயே சரியாகியிருக்கின்றன. சரியாகாவிட்டால் அழுத்தமானி வைத்துப் பார்த்து, ஓ-ரிங் மாற்றலாம். கீழே படுத்தே செய்கிற வேலை.

ஓவர்டிரைவ் சில நாள் விழுவதில்லை என்றீர்கள். விழுந்தது விலகாமல் மாட்டிக்கொள்கிற நாளும் ஒன்று வரலாம். சுவிட்சை அணைத்த பிறகும் சுற்று ஏறவில்லை என்றால் அது மாட்டியிருக்கிறது. அப்போது எக்காரணம் கொண்டும் ரிவர்ஸ் போட வேண்டாம். உள்ளே ஒரு திசையில் மட்டும் சுழலும் உருளைக் கிளட்ச் ஒன்று இருக்கிறது, பின்னோக்கி இழுத்தால் அது உடைந்துவிடும். வண்டியை முன்பக்கமாகவே வெளியே எடுக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

ஆகவே முதலில் ஆயில், ஏனென்றால் அது தினமும் கெடுதல் செய்துகொண்டிருக்கிறது. அதே நாளில் வண்டி தூக்கியிருக்கும்போதே சக்கரப் பல், ஹப் நட்டு, கிராஸ், சாக்பீஸ் கோடு. வாஷர் அடுத்த வாரம். கூவல் இருக்கட்டும். வடிக்கும் ஆயிலைப் பழைய வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பு காந்தத்தில் ஒட்டுவது சகஜம். மஞ்சளாக மின்னினால் சிங்க்ரோவின் பித்தளை, கொஞ்சம் என்றால் பரவாயில்லை. சில்லு சில்லாக இரும்பு வந்தால் மட்டும் வண்டியை எடுக்காமல் எனக்கு எழுதுங்கள். கிண்ணத்தின் படமும், சாக்பீஸ் கோடு எங்கிருந்து எங்கே போனது என்ற கணக்கும் வேண்டும். போன் வீடியோ எடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.